தோர்ன்லி ரோட்டில் வாகனங்கள் இல்லை

தோர்ன்லி ரோட்டில் வாகனங்கள் ஓடுவதில்லை என்று எல்ம்வாட்டர் கவுன்சில் அறிவித்த காலையில், புவனேசனின் வாசலுக்கு நேரே மூன்று வான்கள் மூக்கோடு மூக்கு முட்டி நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

மூன்று சாரதிகளில் ஒருவனுக்கும் பின்னால் எடுக்க மனமில்லை. ஒருவன் இறங்கி வந்து மற்றவனின் தாயாரைப் பற்றி உரத்து விசாரித்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே புவனேசன் கவுன்சில் கடிதத்தை இரண்டாம் முறையாக வாசித்தார்.

வீதியின் முடிவில், பழைய கம்பளக் கிடங்கு இருந்த இடத்தில், இருபத்தேழு மாடிக் கட்டடம் ஒன்று வரப்போகிறது. முந்நூற்றுச் சொச்சம் வீடுகள். கார் நிறுத்த ஓரிடமும் கிடையாது. இதனால் போக்குவரத்துக்கு ஏற்படும் பாதிப்பு: இல்லை. காரணம்: இந்த வீதியில் தற்போது போக்குவரத்து இல்லை.

“என்னவாம்?” என்று முன்னறைக் கதிரையிலிருந்து கேட்டாள் அவர் மனைவி கனகாம்பிகை.

“எங்கட ரோட்டிலை வாகனம் ஓடுறேல்லையாம்.”

“அப்ப உந்த ஹார்ன் ஆர் அடிக்கிறது? முனியே?”

புவனேசன் கடிதத்தை மடிக்கப் பார்த்தார்.

“மிச்சத்தையும் வாசியுங்கோ. நீங்கள் மடிக்கிற கையைப் பாத்தாலே தெரியுது, மிச்சம் இருக்கு.”

மிச்சம் இருந்தது. வாகனங்களே ஓடாத வீதியை வாகனங்களுக்குத் திறந்து வைத்திருப்பது வீண் என்பதால், ரோட்டின் வாய் மூடப்படும். பார்க்கிங் பெர்மிட் வைத்திருக்கும் குடியிருப்பாளர்களின் சொந்தக் கார்களுக்கு மட்டும் விலக்கு.

அந்த வீட்டில் கார் இல்லை. பார்வை மங்கத் தொடங்கிய வருடமே புவனேசன் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கனகாம்பிகைக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரி வான் வாசலுக்கு வரும். டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு போகும். இரத்தம் கழுவி முடிந்ததும், பிழிந்து போட்ட துணி மாதிரித் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். ரோட்டின் வாயிலிருந்து வீட்டுக்கு ஒரே ஏற்றம். அந்த ஏற்றத்தை அவள் நடந்து ஏறிய காலம் போய்விட்டது. வான் வாசலுக்கு வந்தால் கனகாம்பிகை இருப்பாள். வராவிட்டால் இருக்க மாட்டாள்.

“நீ ஒண்டுக்கும் யோசியாதை. ஆரோ பிழையா எழுதிப்போட்டாங்கள். நேரை போய்ச் சொன்னாத் திருத்துவாங்கள்” என்றார் புவனேசன்.

முப்பது வருடத்துக்கு மேல் லண்டனில் வாழ்ந்தும் கவுன்சிலை நம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

*

கவுன்சில் கட்டடத்தின் நாலாம் மாடி. ‘புதிய அபிவிருத்திகளின் போக்குவரத்து மற்றும் உட்கட்டமைப்புப் பாதிப்பு மீளாய்வுப் பிரிவு’ என்று கதவில் எழுதியிருந்தது. பெயர் ஒரு கதவுக்குள் அடங்காமல் பக்கத்துக் கதவுக்கும் ஓடியிருந்தது. பக்கத்துக் கதவு கழிவறை.

உள்ளே இருந்த அதிகாரி புவனேசனின் பெயரைக் கேட்டதும் துள்ளி எழுந்தாள். பெயர் வான்மதி. மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, படிக்க லண்டனுக்கு வந்து, இங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டவள்.

“தமிழா அங்கிள்? உக்காருங்க, உக்காருங்க! ஆபீஸ்ல தமிழ் பேசி எவ்வளவு நாளாச்சு! தோர்ன்லி ரோடுதானே? கங்கிராஜுலேஷன்ஸ்!”

“எதுக்குப் பிள்ளை?”

“லண்டன்லயே காருக்கு அடிமையாகாத ரோடு உங்களோடதுதான். எங்க டைரக்டர் உங்க ரோட்டப் பத்தி மாநாட்டுல பேசினாரு. பாதிப் பேரு அழுதுட்டாங்க.”

திரையை அவர் பக்கம் திருப்பினாள். கட்டட நிறுவனம் அமர்த்திய போக்குவரத்து ஆலோசகர்கள் லாம்புக் கம்பத்தில் கேமரா ஒன்று பொருத்தி, ஒரு முழுநாள் படம் எடுத்திருந்தார்கள். படத்தைப் பார்த்து எண்ணியது கணினி. மோட்டார் வாகனங்கள்: பூச்சியம். நிறுத்தி வைத்த கார்கள்: பூச்சியம். நடந்து போனவர்கள்: ஆயிரக்கணக்கில்.

“வாகனம்னு பாத்தா இது ஒண்ணுதான் அங்கிள். இதக்கூட பாருங்களேன், எவ்வளவு அழகு.”

அந்த ஒரு வாகனத்தைப் பற்றிக் கணினி எழுதியிருந்தது: இரண்டு மாடிப் பொதுப் போக்குவரத்து. எரிபொருள் இல்லை. புகை சிறிதளவு, நறுமணமுள்ளது. இயக்கும் முறை: பயணிகள் கீழே இறங்கி, மேல்சட்டையைக் கழற்றி, கயிறு கட்டி இழுக்கிறார்கள்.

புவனேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தோர்ன்லி ரோட் பிள்ளையாரின் தேரை அடையாளம் தெரியாத அளவுக்கு அவருடைய பார்வை இன்னும் மங்கவில்லை.

“இவங்க சைக்கிள்காரங்க” என்று வான்மதி விரலால் தொட்டுக் காட்டினாள். அவை காவடிகள். “இந்தப் பொம்பளைங்களப் பாருங்க. நடந்து போறதுக்கே தலைக்கவசம் போட்டிருக்காங்க. பாதுகாப்பு உணர்வு நூத்துக்கு நூறு.” அவை பாற்செம்புகள். “அப்புறம் இதுதான் எங்க டிபார்ட்மெண்டையே ஆட்டி வெச்சது.”

நேர்த்தி வைத்தவர்கள் ஈரவேட்டியோடு தேருக்குப் பின்னால் பிரதட்டை உருண்டுகொண்டிருந்தார்கள். கணினி அதை ‘ஏனைய நிலைபேறான பயண முறைகள்’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்திருந்தது.

“உருண்டே வேலைக்குப் போறாங்க!” என்றாள் வான்மதி. அவள் குரல் தழதழத்தது.

“ஐயோ பிள்ளை, இது தேர்! தேர்த் திருவிழா! வருசத்திலை ஒரு நாள். செவன் கிங்ஸ், நோர்பரி எண்டு லண்டன் முழுக்க இருந்து சனம் வந்து குவிஞ்சது. வீடு வீடாய்த் தட்டிக் காரெல்லாத்தையும் எடுப்பிச்சதே நான்தான். ரோட்டை மூட அனுமதி எடுத்ததும் நான்தான். உங்கட மூண்டாம் மாடியிலைதான் எடுத்தனான்.”

வான்மதியின் முகம் மாறவில்லை. மூன்றாம் மாடி என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு இமை துடித்தது.

“மூணாவது மாடியோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்ல அங்கிள். தகவல் பகிர்ற ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு.”

“ஒரு படி இறங்கிக் கேட்டாச் சொல்லுவினமே?”

“படி இருக்கு லா. இறங்கறதுக்கு நடைமுறைதான் இல்ல.”

“சரி, தேர் அண்டைக்கெண்டு பாத்து ஏன் கேமரா பூட்டினவங்கள்?”

வான்மதி கோப்பைத் தேடிப் பார்த்தாள். “ஆ, இங்க இருக்கு. ரோடு மூடியிருந்ததால ஏணி வெச்சு ஏற வசதியா இருந்துச்சாம். மத்த நாள்ல அங்க ஒரே டிராபிக்காம்.”

சொன்னதை அவள் தன் காதால் கேட்டாளா என்று புவனேசன் பார்த்தார். கேட்ட மாதிரித் தெரியவில்லை.

“அசாதாரண நாள்ல எண்ணக்கூடாதுன்னு எங்ககிட்டயும் விதி இருக்கு அங்கிள். கிறிஸ்மஸ், ஈஸ்டர், பனி கொட்டற நாள், புட்பால் பைனல். தேர் அந்தப் பட்டியல்ல இல்ல. இல்லாத நாள் சாதாரண நாள்.”

“அப்ப திரும்ப ஒருக்கா எண்ணுங்கோவன்.”

“எண்ணலாம். ஆனா திரும்ப எண்ணினா நம்பர் மாறிடும்.”

“அதுக்குத்தானே பிள்ளை எண்ணச் சொல்லுறன்!”

“மாறிடுச்சுன்னா முதல்ல எண்ணினது தப்புன்னு ஆயிடும். அப்புறம் மக்கள் எப்படி எங்கள நம்புவாங்க?” அவள் அன்போடு அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். “நீங்க கவலைப்படாதீங்க. உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன். ஆட்சேபணை இருந்தா எழுதி அனுப்புங்க. எத்தனை பேரு எழுதறாங்களோ அவ்வளவுக்கு நல்லது.”

அந்தக் கடைசி வசனத்தைப் புவனேசன் இறுகப் பிடித்துக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு புவனேசன் பிள்ளையார் கோவிலில் ஒலிபெருக்கி எடுத்துப் பேசினார். கோவில் நிர்வாகத்தில் எதிரும் புதிருமாய் இருந்த இரண்டு கோஷ்டியும் அன்று ஒரே வரிசையில் நின்றன. வழக்குப் போட்டவரும் போடப்பட்டவரும் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கினார்கள். புவனேசன் எழுதிய கடிதத்தைப் பிரதி எடுத்து, பிரசாதப் பொங்கலான புக்கை வாங்க வந்த கை ஒவ்வொன்றிலும் கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகே புக்கை கொடுத்தார்கள். கட்டுக்கட்டாய்க் கடிதம் சேர்ந்தது.

கவுன்சிலின் பதில் சுருக்கமாக வந்தது. ‘தங்களுடைய ஆட்சேபணை ஒன்று கிடைத்தது. நன்றி.’

புவனேசன் டெலிபோன் எடுத்தார். வான்மதி விளக்கினாள்: எல்லாக் கடிதமும் ஒரே வாசகம். ஒரே வாசகம் என்றால் ஒரே ஆட்சேபணை. ஆதரித்துப் பத்தொன்பது கடிதம் வந்திருக்கிறது, எல்லாம் கட்டட நிறுவனத்தின் ஊழியர்கள் எழுதியவை, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வாசகம்.

“ஆக, பத்தொம்போதுக்கு ஒண்ணு அங்கிள். மக்கள் ஆதரவு ரொம்பத் தெளிவா இருக்கு.”

டெலிபோனை வைத்துவிட்டு அவர் கதிரையில் விழுந்தார். கனகாம்பிகை டொக்டர் சொன்னபடி தனக்கு அளந்து வைத்த தண்ணீரில் ஒரு மிடறு குடித்தாள்.

“எங்கட ஆக்கள் வழக்கம் போலச் சண்டை பிடிச்சிருந்தா ஆளுக்கொரு கடிதம் போயிருக்கும். இவர் ஒருத்தரைத் திட்ட, அவர் இவரைத் திட்ட, நானூறு வாசகம் வந்திருக்கும். சரித்திரத்திலை ஒருக்கா ஒற்றுமைப்பட்டினம். அதுக்கு இந்த நாளோ கிடைச்சது?”

“நீ சிரிக்கிறாய்.”

“அழுறதுக்கும் தண்ணி வேணுமெல்லோ. எனக்கு அளவுச் சாப்பாடு, அளவுத் தண்ணி. வீணாக்கேலாது.”

*

முடிவெடுக்க முன்னர் திட்டக் குழு நேரில் வந்து பார்வையிடும் என்று அறிவித்தார்கள். புவனேசனுக்கு மீண்டும் நம்பிக்கை வந்தது. கேமராவுக்குக் கண் பிழைக்கலாம், கவுன்சிலர்களுக்குப் பிழைக்காது.

குழு ஒரு மினிபஸ்ஸில் வந்தது. மினிபஸ் தோர்ன்லி ரோட்டின் வாய்க்குள் மூக்கை நுழைத்தது. எதிரே குப்பை லொறி. பின்னே பார்சல் வான். பக்கத்தில் பாடசாலை விட்டு வரும் கார்கள். மினிபஸ் அங்கேயே இறுகிப் போனது. ஒரு மணித்தியாலமாய் முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. கவுன்சிலர்கள் உள்ளே இருந்து சாண்ட்விச் சாப்பிடுவதைப் புவனேசன் நடைபாதையில் நின்று பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார். தலைவர் கவுன்சிலர் ஹார்க்ரீவ் மரியாதையாகக் கையசைத்தார்.

மினிபஸ்ஸுக்கு நாலு வண்டி பின்னால் ஆஸ்பத்திரி வான் நின்றது. உள்ளே கனகாம்பிகை. டயாலிசிஸ் முடிந்து வருகிறாள். சாரதி கிருசாந்தன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தான்.

“அண்ணை, இது ஆற்ற பஸ்? அக்காவுக்குத் தலை சுத்துதாம்.”

“கவுன்சில் பஸ். இந்த ரோட்டிலை ட்ராபிக் இருக்கோ எண்டு பாக்க வந்தவை.”

கிருசாந்தன் மினிபஸ்ஸைப் பார்த்தான். புவனேசனைப் பார்த்தான். திரும்பிப் போய் வானில் ஏறி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

குழுவின் அறிக்கை மறுநாளே வெளிவந்தது. ‘உறுப்பினர்கள் இடத்தைச் சென்றடைய முடியாத காரணத்தால், இடத்தில் நெரிசல் எதையும் அவதானிக்கவில்லை. வழியில் காணப்பட்ட நெரிசலுக்குக் குழுவின் மினிபஸ்ஸே காரணமாகலாம். அது வழமையான வாகனம் அல்லாததால் கணக்கில் எடுக்கப்படவில்லை.’

*

திட்டக் குழுவின் கூட்டம் நகர மண்டபத்தில் நடந்தது. மரச் சட்டமிட்ட சுவர்கள். செத்துப் போன மேயர்களின் படங்கள். உயிரோடு இருந்த கவுன்சிலர்களுக்கும் அந்தப் படங்களுக்கும் வித்தியாசம் காண, யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

பொதுமக்கள் சார்பில் ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம் என்றார் ஹார்க்ரீவ். அந்த மூன்று நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற அவருடைய விளக்கம் மூன்று நிமிடத்தைவிட நீண்டது.

முதலில் ஆலோசகர் கத்தரின் எழுந்தாள். கட்டட நிறுவனத்திடம் சம்பளம் வாங்கி, கவுன்சிலுக்கு நடுநிலையான அறிக்கை கொடுப்பவள்.

“முந்நூறு குடும்பங்கள் புதிதாக வரும்போது வாகனங்கள் எத்தனை வீதத்தால் கூடும்?” என்று ஒரு கவுன்சிலர் கேட்டார். அன்று கேட்கப்பட்ட ஒரே புத்தியுள்ள கேள்வி அது.

“மிக நல்ல கேள்வி” என்றாள் கத்தரின். “தற்போதைய வாகன எண்ணிக்கை பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. கணினி விடை தர மறுத்துவிட்டது. விடை இல்லாத பாதிப்பைப் பாதிப்பு என்று அறிக்கையில் எழுதுவது எங்கள் தொழில் தர்மத்துக்கு விரோதம்.”

“அற்புதம்” என்று முணுமுணுத்தார் கேள்வி கேட்டவர்.

இன்னொரு கவுன்சிலர் கவலையோடு கையை உயர்த்தினார். “உருண்டு பயணிப்பவர்கள் பற்றி எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டட வேலை நடக்கும்போது அவர்களுடைய பாதுகாப்புக்கு என்ன வழி?”

“அவர்களுக்காக வீதியின் நீளத்துக்கு இறப்பர் விரிப்புப் போட எங்கள் வாடிக்கையாளர் சம்மதித்திருக்கிறார். ஐரோப்பாவின் முதலாவது உருளும் பாதை.”

மண்டபம் கை தட்டியது.

பிறகு புவனேசனை அழைத்தார்கள். மைக்குக்கு முன்னால் நின்றபோது, எழுதி வந்ததெல்லாம் மறந்துவிட்டது. தேரும் மறந்தது, கேமராவும் மறந்தது.

“என் மனைவிக்கு டயாலிசிஸ்” என்றார் ஆங்கிலத்தில். “வான் வாசலுக்கு வரவேண்டும். வராவிட்டால் அவள் செத்துப்போவாள். நான் கேட்பது வேறொன்றும் இல்லை.”

ஹார்க்ரீவ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. தேர்தலில் பதினெட்டு வருடம் வெல்ல வைத்த கண் அது.

“ஐயா, உங்கள் வேதனை என் நெஞ்சைத் தொட்டது. ஆனால் சுகாதாரம் வேறு குழுவின் விடயம். அந்தக் குழு போன கிழமை கூடி முடிந்தது. நீங்கள் அங்கே போயிருந்தால், போக்குவரத்து எங்கள் விடயமல்ல என்று சொல்லியிருப்பார்கள். ஆகவே உங்களுக்கு ஓர் அலைச்சல் மிச்சம்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “மக்கள் குரலைக் கேட்பது இந்தக் கவுன்சிலின் உயிர்மூச்சு. இன்று கேட்டோம். கேட்டோம் என்று பதிவும் செய்கிறோம். கேட்டதை வைத்து ஏதாவது செய்யத் தொடங்கினால், எதைக் கேட்பது என்று பார்த்துப் பார்த்துக் கேட்க வேண்டி வரும். அது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல.”

கைகள் உயர்ந்தன. ஏகமனதாக நிறைவேறியது.

*

இருபத்தேழு மாடியில் ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. வீட்டு விலை ஏறட்டும் என்று நிறுவனம் காத்திருந்தது. ஆனால் ரோட்டின் வாயை மூடும் வேலை உடனே முடிந்தது. வட்டமான தடைப் பலகை ஒன்று, அதற்கு மேலே அபராதக் கேமரா ஒன்று. ஏற்றம் முழுக்க இறப்பர் விரிப்பு. மழைக்கு அது வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கியது.

வானுக்கு விலக்குக் கேட்டுப் புவனேசன் விண்ணப்பித்தார். வான்மதி தானே டெலிபோன் எடுத்தாள்.

“ஏற்கெனவே இந்த ரோட்டைப் பாவிச்ச வாகனத்துக்கு மட்டும்தான் விலக்குக் கொடுக்க முடியும் அங்கிள். எங்க பதிவுப்படி எந்த வாகனமும் பாவிச்சதில்ல.”

“அஞ்சு வருசமா வாற வான் பிள்ளை! ஆஸ்பத்திரியிலை கேளுங்கோ!”

“அது ஆஸ்பத்திரியோட பதிவு. நீங்க எங்க பதிவுல வந்திருக்கணும்.”

“உங்கட பதிவிலை தேர்தானே இருக்கு!”

“தேருக்கு வேணும்னா விலக்கு இருக்கு அங்கிள். தாராளமா வரலாம்.”

அன்றிலிருந்து வான் பிரதான வீதியில் நின்றது. புவனேசன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்குவார். திரும்பி வரும்போது ஏற்றம். டயாலிசிஸ் முடிந்த உடம்பில் இரத்த அழுத்தம் தரைக்கு வந்திருக்கும். இறப்பரில் சக்கரம் ஓரடி ஏறினால் அரையடி வழுக்கும். அவர் மூச்சு வாங்க நிற்பார். குளிரில் அவள் உதடு நீலமாய்ப் போகும்.

“விட்டிட்டு நீங்கள் போங்கோ” என்பாள். “நான் உருண்டு வாறன். அதுக்கெண்டுதானே பாதை போட்டிருக்கு.”

ஒரு நாள் அந்தப் பகிடியைச் சொல்லி முடிக்கவில்லை. பாதி வசனத்தில் தலை சரிந்தது. கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. புவனேசன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். கீழே வானைத் திருப்பிக்கொண்டிருந்த கிருசாந்தனுக்குக் கேட்டது.

வான் தடைப் பலகையைத் தாண்டிச் சீறிக்கொண்டு ஏறியது. கிருசாந்தன் குதித்து இறங்கி அவளைத் தூக்கினான்.

“தம்பி, கேமரா!” என்றார் புவனேசன். அந்த நேரத்திலும் அவர் கவுன்சிலுக்குப் பயந்தார்.

“கேமராவோ? நல்லாப் படம் எடுக்கட்டும். வடிவா நிண்டு சிரிச்சிட்டுப் போறன். கதவைத் திறவுங்கோ அண்ணை!”

கனகாம்பிகை பிழைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கதை வேறு என்றார் டொக்டர்.

அபராதக் கடிதம் கிருசாந்தனுக்கு வந்தது. அவன் அதைத் திட்டிக்கொண்டே கொண்டுவந்து காட்ட, புவனேசன் பறித்து வாங்கினார். படம் தெளிவாக இருந்தது. வானின் இலக்கம், நேரம், இடம். கீழே கவுன்சிலின் முத்திரை: ‘தோர்ன்லி ரோட்டில் மோட்டார் வாகனம் ஒன்று காணப்பட்டது.’

“கனகம்! ஒத்துக்கொண்டிட்டாங்கள்! எங்கட ரோட்டிலை வாகனம் இருக்கெண்டு அவங்களே எழுதித் தந்திட்டாங்கள்!”

அபராதத்துக்குச் சந்தோஷப்பட்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்த இரண்டு ஆண்களை எல்ம்வாட்டர் அதற்கு முன் கண்டதில்லை.

அவர் அதைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்கு ஓடினார். வான்மதி வாசித்தாள். முதல் தடவையாக அவள் முகம் மாறியது.

“இது ரொம்ப சீரியஸ் அங்கிள்.”

“அதைத்தானே பிள்ளை நான் இவ்வளவு நாளும் சொன்னனான்!”

“பூச்சியமா இருந்த ரோட்டுல இப்ப வாகனம் வந்திருக்கு. அப்படின்னா ஏதோ ஒரு புது அபிவிருத்தி நடந்திருக்கு.” அவள் யோசித்தாள். “கட்டடம் இன்னும் கட்டல. ஆக, இந்தப் போக்குவரத்தை உண்டாக்கினது ஆன்ட்டிதான்.”

*

மூன்று நாளில் வான்மதி வீட்டுக்கே வந்தாள். கையில் டாப்லெட். கழுத்தில் அடையாள அட்டை. கனகாம்பிகை கதிரையில் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தாள்.

“வணக்கம் ஆன்ட்டி. உங்களோட போக்குவரத்துப் பாதிப்பை மீளாய்வு பண்ண வந்திருக்கேன்.”

“என்ர பாதிப்பையோ?”

“ஆமா. பயப்படாதீங்க, சும்மா நாலு கேள்விதான். பாதிப்பைக் குறைக்க நீங்க என்ன நடவடிக்கை எடுத்திருக்கீங்க?”

“இரண்டு கிட்னியையும் நிப்பாட்டிப் போட்டன்.”

வான்மதி பதிந்துகொண்டாள். “சைக்கிள்ல போறதப் பத்தி யோசிச்சீங்களா?”

“பிள்ளை!” என்று புவனேசன் எழுந்தார்.

“இருங்கோ நீங்கள். அவ தன்ர வேலையைச் செய்யட்டும்.” கனகாம்பிகை கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டாள். “மற்றக் கேள்வி?”

“உங்க செயல்பாடு ராத்திரியிலயும் நடக்குமா?”

“கவுன்சிலை நினைச்சாத் தூக்கம் வாறேல்லை. அது செயல்பாட்டிலை சேருமோ?”

“சேராது ஆன்ட்டி. கடைசிக் கேள்வி. இதுதான் முக்கியம். இதுக்கு நீங்க சொல்ற பதிலப் பொறுத்துத்தான் வானை விடறதா இல்லையான்னு முடிவாகும்.” வான்மதி திரையிலிருந்ததை அப்படியே வாசித்தாள். “இந்தப் பாதிப்பு எவ்வளவு காலத்துக்கு நீடிக்கும்?”

புவனேசன் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து கம்பளியைப் பார்த்தார்.

“நான் சாகுமட்டும்” என்றாள் கனகாம்பிகை.

வான்மதியின் முகம் மலர்ந்தது. மெய்யான சந்தோஷம் அது. யாருக்கோ நன்மை செய்யக் கிடைத்தவளின் சந்தோஷம்.

“அப்போ தற்காலிகம்தானே ஆன்ட்டி! தற்காலிகப் பாதிப்புக்கு மீளாய்வே தேவையில்ல!” விரலால் ஒரு பெட்டியைத் தொட்டாள். “முடிஞ்சுது. நாளையிலிருந்து வான் வாசலுக்கே வரலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாதிப்பு இன்னும் தொடருதான்னு மட்டும் போன் பண்ணிக் கேப்போம்.”

நன்றி சொல்வதா, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதா என்று புவனேசனுக்கு விளங்கவில்லை.

கனகாம்பிகைக்கு விளங்கியது.

“இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை” என்றாள். “போய் உன்ர தலைவருக்குச் சொல்லு. அந்த ஆறு மாசப் போனை நான்தான் எடுப்பன். நீ பென்ஷன் எடுத்துப் போன பிறகும் நான்தான் எடுப்பன்.”

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ, கேத்திலைப் போடுங்கோ. எனக்கும் அரைக் கோப்பை. இண்டைக்கு அளவைக் கொஞ்சம் மீறினாப் பரவாயில்லை.”